பேர் போடாத பாதை

கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிற தோழர்கள் கடுகண்ணாவையில் ஓர் உயரமான கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். டோசன் கோபுரம் என்பார்கள். கப்டன் டோசன் ஆங்கிலேய இராணுவத்தின் பொறியியலாளர். ஆளுநர் பான்ஸ் 1820இல் தொடங்கிய கொழும்பு–கண்டிப் பாதை அவருடைய பொறுப்பில் நடந்தது. 1829இல் அவர் இறந்துபோனார். 1832இல் கோபுரம் எழுந்தது. அவருடைய அறிவும் திறமையும்தான் இந்தப் பாதையைத் திட்டமிட்டு முடித்தன என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள்.

திட்டமிட்டது சரி. முடித்தது அவர் மட்டும்தானா? அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று முதலில் பாருங்கள். 1818 கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரனுக்குக் கண்டிக்குள் பட்டாளமும் பீரங்கியும் விரைவாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. கோப்பியும் தேயிலையும் அந்தப் பாதையில் பிறகு வந்த சரக்கு. முதல் சரக்கு சிப்பாய். அதற்காக இராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் இழுத்து வரப்பட்ட சிங்களக் கிராமத்து மக்கள் கல்லை உடைத்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் இராணுவத்தின் பயனியர் படையில் சேர்ந்து மண் வெட்டினார்கள். கோபுரம் கட்டிய அதே 1832இல்தான் இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணையும் வந்தது. ஆனால் கல்லுடைத்தவர்களில் ஒருவருடைய பேரும் எந்தக் கல்லிலும் இல்லை.

நம் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியாட்களுக்குப் புரியாது. பேர் போட்டால்தான் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். காலையில் பெரட்டுக் களத்துக்குப் பிந்திப் போனால் பேர் இல்லை, வீட்டுக்குப் போ. செக்ரோலில் ஒரு கோடு விழுவதற்காக ஒரு நாள் முழுவதும் மலையில் நிற்கிறவர்கள் நாம். அதனால்தான் பேர் போடாத வேலை என்றால் நமக்குக் கோபம் வருகிறது. நான் இந்தத் தடவை எழுத நினைத்ததும் அப்படிப்பட்ட ஒரு வேலையைப் பற்றித்தான். நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பல்லாயிரம் பேரை ஒரு யுத்தம் இழுத்துக்கொண்டுபோய்ப் பாதை போட வைத்தது. அந்தப் பாதைக்கு ஒரு ஜெனரலின் பேரை வைத்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம். 1942 மார்ச்சில் ஜப்பான் இராணுவம் ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரல் கடைசியில் லாஷியோவும் விழுந்தது. அதோடு, பர்மா வழியாகச் சீனாவுக்கு ஆயுதமும் எண்ணெயும் போய்க்கொண்டிருந்த ஒரே தரைப்பாதை அடைபட்டது. லாஷியோவிலிருந்து சீனாவின் குன்மிங் நகர் வரை சுமார் 717 மைல் போகும் அந்தப் பாதையை 1937, 38 ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் சீனக் கிராமத்து மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, பெரும்பகுதி கையாலேயே போட்டிருந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் நம் நாட்டிலும் குண்டு விழுந்தது. 5ஆம் திகதி கொழும்பு, 9ஆம் திகதி திருகோணமலை.

பர்மாவிலிருந்து இந்தியர்கள் இலட்சக்கணக்கில் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். அவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். வழியில் பசியாலும் கொலராவாலும் மலேரியாவாலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜப்பான் இராணுவமோ அசாம் எல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் லொறி போகக்கூடிய பாதை அருமை. பாதை போட ஆள் வேண்டும். உடனே, கூட்டமாக, முகாம் போட்டுத் தங்க வைத்து வேலை வாங்கக்கூடிய ஆள். இந்திய அரசாங்கம் யாரிடம் கேட்டது? தேயிலைத் தோட்டச் சொந்தக்காரர்களின் அமைப்பான இந்தியத் தேயிலைச் சங்கத்திடம்.

அங்கே வேலை செய்தவர்கள் நம்மைப் போல ஒரு தலைமுறைக்கு முன்போ இரண்டு தலைமுறைக்கு முன்போ ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். சந்தால், முண்டா, ஒராவோன் என்று சோட்டாநாக்பூர்ப் பக்கத்து ஆதிவாசிகள், ஒடிசாக்காரர்கள், தெலுங்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நமக்குக் கங்காணி மாதிரி அவர்களுக்கு சர்தார். லயம் ஒன்றுதான். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தந்தத் தோட்டத்துத் துரைமாரே அதிகாரிகளாக முன்னால் போனார்கள். கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் வைத்திருந்தவர்கள் மண்வெட்டியோடு மட்டும் ரயில் ஏறினார்கள். திமாப்பூரிலிருந்து இம்பால் வரைக்கும் சுமார் 130 மைல், அதற்கு அப்பால் பர்மா எல்லையில் உள்ள தாமு வரைக்கும், மழைக்காலத்தில், அகதிகள் எதிரே நடந்து வர, அவர்கள் பாதையை அகலப்படுத்தினார்கள். பிறகு லீடோவிலிருந்து தொடங்கிய பெரிய பாதையிலும் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள்.

மலையில் பாதை போடுவது என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முதல் எதிரி தண்ணீர். கான் வெட்டாமல் போட்ட பாதை அடுத்த மழைக்கு ஆற்றில் கிடக்கும். மேல் கரையை வெட்டினால் கரை கீழே வரும். கீழ்க் கரையில் மண்ணைக் கொட்டினால் அது கொட்டின இடத்தில் நிற்காது. வட்டவளைப் பக்கத்து மழையில் பாதை வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். லீடோ பாதையும் அதே மாதிரி மழைக்காட்டுக்குள் போனது. பத்துப் பெரிய ஆறுகள், 155 சிற்றாறுகள். சராசரியாக 2.8 மைலுக்கு ஒரு பாலம். எல்லையில் பங்சாவ் கணவாய், கடல் மட்டத்துக்கு மேல் 3,700 அடிக்குக் கொஞ்சம் அதிகம். உயரம் என்று பார்த்தால் நம் ஹட்டனைவிடக் குறைவுதான். ஆனால் வழுக்குகிற களிமண், அட்டை, கொசு. மலேரியா குண்டைவிட அதிகம் பேரைப் படுக்க வைத்தது.

1942 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் படைகள் இந்தப் பாதையைக் கையில் எடுத்தன. 1943 அக்டோபரில் ஜெனரல் பிக் பொறுப்புக்கு வந்தார். இரவில் வெளிச்சம் போட்டும் வேலை நடந்தது. 1945 ஜனவரி 12ஆம் திகதி முதல் லொறி வரிசை லீடோவிலிருந்து புறப்பட்டு பெப்ரவரி 4ஆம் திகதி குன்மிங்கில் போய் நின்றது. மொத்தம் 1,079 மைல். பழைய பர்மா பாதையோடு சேர்ந்த தூரம் அது. செலவு சுமார் 15 கோடி டொலர். சீனத் தலைவர் சியாங் கை ஷேக் அதற்கு ஸ்டில்வெல் பாதை என்று பேர் வைத்தார். ஸ்டில்வெல் அந்தக் களத்தின் அமெரிக்க ஜெனரல்.

அங்கே வேலை செய்த சிப்பாய்களையும் பொறியியலாளர்களையும் குறைத்துப் பேச நான் வரவில்லை. அவர்களும் தொழிலாளிகள்தான். அந்தப் பாதையில் வேலை செய்த 15,000 அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு 60 பேர் கறுப்பினத்தவர்கள். அவர்களுடைய சொந்த இராணுவம் அவர்களை வெள்ளைச் சிப்பாய்களோடு சேர்த்து வைக்காமல் தனிப் படையாகப் பிரித்து வைத்திருந்தது. துப்பாக்கியைவிட மண்வெட்டியும் புல்டோசரும்தான் அவர்களுக்கு அதிகம் கிடைத்தன. செங்குத்தான மலை விளிம்பில் புல்டோசர் ஓட்டினவன், மழையில் பாலத்துக்கு மரம் இறக்கினவன், அவனுடைய பாட்டனும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் அடிமையாகப் பருத்தி பறித்தவன்தான். அவனுக்கும் நமக்கும் இருக்கிற தூரம் கடல் அளவுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரியைத் தவறாமல் எழுதுகிறார்கள். பாதை போடுகையில் 1,100 அமெரிக்கர்கள் இறந்தார்கள், மைலுக்கு ஒரு உயிர். அதற்கு அடுத்து என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? உள்ளூர் ஆட்களும் பலர் இறந்தார்கள். அவ்வளவுதான். அமெரிக்கன் 1,100. உள்ளூர் ஆள் ‘பலர்’. 35,000 உள்ளூர்த் தொழிலாளர் வேலை செய்த பாதை அது. சிப்பாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆள். சிப்பாய்க்கு இலக்கம் இருந்தது, கழுத்தில் தகடு இருந்தது, செத்தால் வீட்டுக்குத் தந்தி போனது. தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்தில் ஒரு செக்ரோல் இருந்தது, அதில் பேர் வெட்டுப்பட்டிருக்கும். போன மைல்களையும் கொட்டின மண்ணையும் இத்தனை நுணுக்கமாக எண்ணினவர்களுக்கு ஆளை எண்ண மட்டும் நேரம் கிடைக்கவில்லை என்று நான் நம்ப மாட்டேன். எண்ணினால் நட்டஈடு கொடுக்க வேண்டி வரும்.

இந்தக் கதை நம் ஊருக்கு அப்படியொன்றும் தூரமானதல்ல. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதெனியப் பூந்தோட்டத்துக்குள் காரியாலயம். அதே ஆண்டு ஆகஸ்டில் மவுண்ட்பேட்டன் லண்டன் போயிருந்தபோது அவருடைய இடத்தில் வந்து உட்கார்ந்தவர் இந்த ஸ்டில்வெல்தான். அசாம் தோட்டத்து ஆட்கள் சேற்றில் நின்ற அந்தக் காலத்தில் அவர்கள் தலைமேல் இருந்த அதிகாரம் நம் மகாவலிக் கரையில் இருந்தது. பூந்தோட்டம் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னை நிறைய நாள் உறுத்தியது. அந்தப் பாதை முடியும்போது அதற்குத் தேவையே முடிந்துபோயிருக்கும் என்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தொடக்கத்திலேயே நினைத்தார். அது பெருமளவுக்கு அப்படியே நடந்தது. 1945 ஜூலையில் இமயமலைக்கு மேலால் விமானத்தில் சீனாவுக்குப் போன சரக்கு 71,000 தொன். பாதையில் போனது 6,000 தொன். அடுத்த மாதம் யுத்தமே முடிந்தது. பர்மாப் பக்கத்தில் பல இடங்களில் காடு பாதையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பாதை வேண்டுமா, வேண்டாமா என்று சாகப் போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. துரைமார் சங்கத்திடம் கேட்டார்கள், அவர்கள் ஆள் கொடுத்தார்கள்.

அதே யுத்தத்தின் மறுபக்கத்தில் என்ன நடந்தது என்று மலேயாவில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் கேட்டிருப்பீர்கள். ஜப்பான்காரனுக்கும் பர்மாவுக்குச் சரக்கு அனுப்பத் தரைவழி வேண்டியிருந்தது. அவன் போட்டது ரயில் பாதை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர். 1943 அக்டோபர் 17ஆம் திகதி இரண்டு முனையும் சேர்ந்தன. நம் பாட்டன்மார் மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்த காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள், அதே திருச்சி, சேலம் பக்கத்து ஜனங்கள், அந்தத் தண்டவாளத்துக்கு இழுத்துப் போகப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லி ஏமாற்றியும் பிடித்துக்கொண்டும் போனார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, கல்லறைக்கு ஒரு பேர், வயது, படையின் பேர். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடு! அவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கும் மதிப்பீடுதான். எண்பது வருடம் கழித்து அண்மையில்தான் அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. அதுவும் மலேசியத் தமிழர்கள் விடாமல் அலைந்ததால்.

பிரிட்டிஷ்காரன் பக்கம், ஜப்பான்காரன் பக்கம். இரண்டு பக்கத்திலும் பாதைக்குத் தோட்டத்து ஆள். இரண்டு பக்கத்திலும் ‘பலர்’.

சம்பளப் பேச்சு இழுபறியில் கிடக்கையில் செத்துப்போனவர்களின் பேரைத் தேடுவது என்ன வேலை என்று சில இளம் தோழர்கள் கேட்பார்கள். போன கூட்டத்திலேயே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் 7 வருடமும் ஆகாதவர்கள் 10 வருடமும் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்றார்கள். கணக்குப் பண்ணிப் பாருங்கள், அந்த வருடங்கள் அப்படியே யுத்த வருடங்கள். நாடே பங்கீட்டு அரிசியில் இருந்த, தேயிலையும் ரப்பரும் யுத்தத்துக்காக ஓய்வில்லாமல் ஏற்றுமதியான வருடங்கள். ஜாவாவும் மலேயாவும் ஜப்பானிடம் போன பிறகு நம் கொழுந்தும் நம் ரப்பரும்தான் நேச நாடுகளுக்குக் கை கொடுத்தன. அந்த வருடங்களில் நீ இங்கே இருந்தாயா, காகிதத்தைக் காட்டு என்று நம்மிடமே கேட்டார்கள். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டோம். சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. பேர் எழுதிய காகிதம் இல்லாதவன் நாடில்லாதவன் ஆனான். இப்போது சொல்லுங்கள், பேர் என்பது சம்பளத்துக்கு வெளியே இருக்கிற விசயமா?

இன்னொரு உதாரணம். 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். இன்றைக்கும் நமக்கு அவர் பேர் தெரியும், மே தினத்தில் சொல்கிறோம். அவர் பேரைத் தோட்ட நிர்வாகம் பாதுகாத்துத் தரவில்லை. தொழிற்சங்கங்கள் விடாமல் சொன்னதால், விசாரணைக் கமிஷன் வரை கொண்டுபோனதால் நிலைத்த பேர் அது.

என் அம்மாயி தோட்டத்து ரோட்டு வேலைக்குப் போனவர். கூடையில் சல்லி சுமந்து கொட்டுவார். ஆண் உடைப்பான், பெண் சுமப்பாள், சம்பளம் ஆணுக்குக் கூட. பெண்ணுக்குச் சமமான சம்பளம் 1984இல்தான் வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் பக்டரியிலிருந்து மேல் டிவிசன் வரைக்கும் போகிற ரோடு அவர்கள் கொட்டின சல்லியின் மேல்தான் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் அதில் அரைக் கிலோமீற்றருக்கு கொங்கிரீட் போட்டார்கள். முனையில் ஒரு பலகை நட்டார்கள். நிதி கொடுத்தவர், திறந்து வைத்தவர், மேற்பார்வை செய்தவர், ஒப்பந்தக்காரர், தொகை எல்லாம் இருந்தது. அதற்கு முந்தின மழையில் கரை சரிந்து வந்தபோது மூன்று நாள் மண் அள்ளிப் பாதையைத் திறந்தது நம் ஆட்கள். பிள்ளைத்தாச்சி ஒருத்தியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுபோன பாதை என்பதால் யாரும் கூலி கேட்கவில்லை. அந்த மூன்று நாளுக்கும் பேர் போடவில்லை. கேட்டதற்கு, இது தோட்ட வேலை இல்லை, உங்கள் பாதைதானே என்றார்கள். எங்கள் பாதை! சரிந்தால் எங்கள் பாதை, திறப்பு விழாவுக்கு அவர்கள் பாதை.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் இருந்த மாதிரியில் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட வழியில்லை என்று நம்மை நீண்ட காலம் திருப்பி அனுப்பினார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே அந்தச் சாக்கு இப்போது இல்லை. தோட்டப் பாதைகளைச் சபை பொறுப்பெடுக்க வேண்டும் என்று நம் தோட்டத் தலைவர்கள் ஒவ்வொரு சபையிலும் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தப் பாதையை யார் வெட்டினார்கள், யார் கல் சுமந்தார்கள், யார் மண் சரிவில் போனார்கள், எந்த வருடம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, இருநூறு வருடத்துக்கு முன் அந்தப் பாதையில் விழுந்தவர்களை நினைத்து. அவர்களின் பேர் இனிக் கிடைக்காது. ஆனால் தோட்டத்து ரோட்டில் கல் சுமந்த அம்மாயிமார் சிலர் இன்னும் லயத்து வாசலில் வெயில் காய்கிறார்கள்.

கொப்பியும் பேனையும் போதும். மாதர் சங்கத்துத் தங்கச்சிமார் இதை நன்றாகச் செய்வார்கள், பாட்டிமார் அவர்களிடம்தான் வாய் திறப்பார்கள். பேர், தகப்பன் பேர், எந்த டிவிசன், எந்த மலையில் வேலை, என்ன சம்பளம், எப்படிச் செத்தார். ஒருவருக்கு ஒரு பக்கம். வேலை முடிந்ததும் ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்தில் கொடுத்து வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகினாலும் அது பத்திரமாக இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் இதுவரைக்கும் 31 பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்குப் பட்டப்பேர் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. ஒரு அம்மாவுக்கு அதுவும் இல்லை; ரோட்டு வேலையில் கல் உருண்டு இறந்த, வெற்றிலை போடாத பொம்பிளை என்று மட்டும் இரண்டு பாட்டிமார் சொன்னார்கள். அவருக்கும் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். மேல் டிவிசனில் பிறந்து இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், வீட்டில் வயசாளிகளிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள்.